மண் டிராக்கில் பிடிமானம்: முதலில் தண்ணீர், அப்புறம்தான் டயர்

கோ-கார்ட் என்கிற சின்ன பந்தய வண்டிகளின் பந்தயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்த டயர் வாங்கலாம் என்பதுதான். பர்ரிஸா, மேக்சிஸா, ஹூசியரா, வேகாவா என்று பட்டியலோடு வருவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: நீங்கள் ஓட்டப்போகிற டிராக்கில் தண்ணீர் எப்போது விடுகிறார்கள், எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது? இது தெரியாமல் டயருக்குக் கொட்டுகிற காசு வீண்தான். ரப்பருக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்கிற ஆர்வத்தில் பாதியையாவது காலடி மண்ணின் மேல் வைத்தால் போதும், பிடிமானம் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் சொல்வது அமெரிக்காவின் தென்கிழக்கில், வட கரோலினாவிலிருந்து ஜார்ஜியா வரைக்கும் பரவிக் கிடக்கிற சின்ன ஓவல் மண் டிராக்குகளைப் பற்றி. பெரும்பாலானவை சுற்றளவில் ஐந்தில் ஒரு மைலுக்குள் அடங்கிவிடும், ஓட்டம் முழுக்க இடப்பக்கத் திருப்பம்தான். 1956-ல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைக் குழாய்ச் சட்டம் ஒன்றில் மாட்டி முதல் கார்ட்டைச் செய்தார். அடிப்படை இன்றைக்கும் அதேதான்: சஸ்பென்ஷன் கிடையாது, திருப்பத்தில் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுகிற டிஃபரென்ஷியல் கிடையாது, பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியவை. என் மகள் ஓட்டுவது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 206 எஞ்சின் வைத்த வண்டி. 204 சிசி, முழுசாகத் திறந்துவிட்டாலும் ஒன்பது குதிரைத்திறனைத் தொடாது, சிறுவர் பிரிவுகளில் கார்புரேட்டரில் தடுப்பு போட்டு அதையும் குறைத்துவிடுவார்கள். எஞ்சின் சீல் வைத்தே வருவதால் உள்ளே யாரும் கைவைக்க முடியாது. மிச்சம் இருப்பது மண்ணும் டயரும்தான், அதனால்தான் எனக்கு இந்தப் பந்தயம் இவ்வளவு பிடித்திருக்கிறது.

இங்கே இருப்பது சிவப்புக் களிமண், சிவப்பு அதிலுள்ள இரும்பு ஆக்சைடால் வருவது. களிமண் துகள்கள் 0.002 மில்லிமீட்டருக்கும் சின்னவை, தட்டையானவை. இடையில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்வரை ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் உதிர்ந்து தூசாகும், கூடினால் வழுக்கும். நடுவில் ஒரு ஈரப்பதம் இருக்கிறது, அந்த நிலையில் மண்ணை அழுத்தினால்தான் அதிகபட்ச இறுக்கம் கிடைக்கும். அணை கட்டுகிறவர்களுக்காக ரால்ஃப் புரோக்டர் 1933-லேயே இதை அளந்து எழுதிவைத்துவிட்டார், சிவில் படித்தவர்களுக்குப் புரோக்டர் சோதனை நினைவிருக்கும். டிராக் போடுகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, ஆனால் செய்வது அதுதான். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்துவார்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை; கையில் ஒட்டிப் பளபளத்தால் காத்திருக்க வேண்டும். உருண்டை நின்று, விரலால் தட்டும்போது இரண்டாகப் பிளந்தால், சரி, இப்போது ரோலரை இறக்கலாம்.

எங்கள் ஊர் டிராக்கில் வார இறுதி வேலைகளுக்கு நானும் கைகொடுக்கிறேன், அதனால் இதை எட்ட நின்று பார்த்துச் சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரி பந்தயம் என்றால் வேலை அதற்கு ரெண்டு நாள் முன்னாலேயே ஆரம்பிக்கும். போன வாரம் டயர்கள் அழுத்தி மெருகேற்றிய மேல்தோலை டிராக்டரால் ரெண்டு மூன்று அங்குலம் கிளறிவிட வேண்டும். அது உடையாமல் மேலே எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் உள்ளே இறங்காது, சரிவில் ஓடி உள்விளிம்பில் தேங்கும். கிளறிய பிறகு தண்ணி லாரி. இதில்தான் பொறுமை வேண்டும்: ஒரே ஓட்டத்தில் கொட்டிவிடக் கூடாது, கொஞ்சம் விட்டு, ஊறவிட்டு, திரும்பவும் விட்டு, வெயில் சாய்ந்த பிறகும் ராத்திரியும் விட்டால்தான் ஆழத்துக்குப் போகும். அப்புறம் முள்முள்ளாகக் கால் நீட்டிய ஷீப்ஸ்ஃபுட் ரோலர். அது மண்ணை மேலிருந்து நசுக்குவதில்லை, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி அடியிலிருந்து பிசைந்துகொண்டே மேலே வரும், ஒரு கட்டத்தில் அந்தக் கால்கள் மண்ணில் புதையாமல் மேலேயே நடக்க ஆரம்பிக்கும், அப்போது அடிப்பகுதி இறுகிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு கிரேடரால் மட்டப்படுத்தி, வழவழப்பான ரோலரால் மேல்பரப்பை மூடி, பிக்கப் வண்டிகளை நிதானமாகச் சுற்றவிட்டுப் பாதையை அமுக்குவார்கள்.

அவசர அவசரமாக, பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மேலாக மட்டும் தண்ணீர் தெளிக்கிற டிராக்குகளும் உண்டு. பார்க்க ஜோராகக் கறுத்து ஈரமாகத் தெரியும். முதல் ரெண்டு ஹீட், அதாவது இறுதிப் பந்தயத்துக்கு முந்தைய சின்ன ஓட்டங்கள், சேற்றில் வழுக்கும், மூன்றாவதில் மேல்தோல் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வரும், அதற்கப்புறம் அடியில் இருக்கிற காய்ந்த மண் தூசாகக் கிளம்பி முன்னால் போகிற வண்டியே தெரியாது. பின்வரிசையில் சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள், இது அவர்களுடைய பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். நுழைவுக் கட்டணம் வாங்குகிறவர்கள் முதலில் தண்ணீருக்கும் டீசலுக்கும் செலவு செய்யட்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஈரத்தைப் பிடித்துவைக்கப் பல இடங்களில் கால்சியம் குளோரைடு போடுகிறார்கள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து மண்ணை நனைவாக வைத்திருக்கும் உப்பு அது. தூசு அடங்கும், மண் கறுத்து இறுகும். ஆனால் இரும்பை அரித்துவிடும், ஆகவே வீட்டுக்கு வந்ததும் சங்கிலி, பேரிங், அச்சு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டே ஆக வேண்டும்.

இப்போது டயர். இதில் ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும்: மண் டிராக் ஒரே டிராக்காக இருப்பதில்லை. மத்தியானப் பயிற்சியில் ஈரமும் கனமுமாக இருக்கும். சாயங்கால வெயிலில் ஓட்டப் பாதை காய்ந்து, மெருகேறி, வழுக்க ஆரம்பிக்கும். சூரியன் இறங்கியதும் மேலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது நிற்கிறது, அடியிலிருக்கும் ஈரம் மெல்ல மேலே வருகிறது, காற்றிலும் ஈரம் ஏறுகிறது. அதோடு அதுவரை ஓடிய எல்லா வண்டிகளின் ரப்பரும் ஒரு கறுப்புக் கோடாகப் படிந்திருக்கும். இறுதிப் பந்தயம் நடப்பது அந்தக் கோட்டின் மேல்தான். மத்தியானம் நன்றாக ஓடிய டயரை அப்படியே ராத்திரிக்கும் மாட்டுகிறவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம். தேர்ந்தெடுக்க வேண்டியது இறுதிப் பந்தயத்துக்கான டயரை, இப்போது கண்ணெதிரே தெரிகிற மண்ணுக்கான டயரை அல்ல.

ரப்பரின் கடினத்தை டியூரோமீட்டர் என்ற சின்னக் கருவியால் ஊசியை அழுத்தி அளக்கலாம். ஷோர் ஏ அளவுகோலில் எண் குறைந்தால் மிருது, கூடினால் கடினம். இங்கே கேள்விப்படுகிற எண்கள் பெரும்பாலும் நாற்பதுகளிலிருந்து அறுபதுகளுக்குள். வெயிலில் கிடந்த டயரை அளந்தால் எண் இறங்கித்தான் காட்டும், அதனால் எல்லா டயரையும் ஒரே வெப்பநிலையில், நிழலில் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். காய்ந்து வழுக்குகிற பாதைக்கு மிருதுவான ரப்பர், ஈரமும் பிடிமானமும் மிகுந்த பாதைக்குக் கடினமான ரப்பர். முதல் பாதி எல்லாருக்கும் புரிகிறது. ரெண்டாவது பாதியைத்தான் நம்ப மறுக்கிறார்கள், பிடிமானம் கூடக் கூட நல்லதுதானே என்று.

இல்லை. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியிருக்கின்றன. திருப்பத்தில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்சக்கரம் குறைவாக. பிடிமானம் அளவாக இருந்தால் உள்சக்கரம் கொஞ்சம் வழுக்கி விட்டுக்கொடுக்கும். அளவுக்கு மீறினால் ரெண்டும் மண்ணைக் கவ்விக்கொண்டு ஒன்றையொன்று இழுக்கும், எஞ்சினின் சத்தமே மாறிவிடும், திருப்பத்தை விட்டு வெளியே வரும்போது ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுழற்சி வேகம், ஏறவே ஏறாது. நூறு குதிரைத்திறன் வண்டி அதைச் சமாளிக்கும், ஒன்பது குதிரைத்திறன் வண்டி என்ன செய்யும்? ஒரு தடவை வேகத்தை இழந்தால் நேர்ப்பாதை முழுக்க அந்தக் கடனை அடைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். கறுப்புக் கோடு படிந்த டிராக்கில் மிருதுவான தடித்த ரப்பர் சூடேறிக் கொப்பளிக்கவும் செய்யும். அதனால்தான் அனுபவசாலிகள் டயரைக் கடைசலில் வைத்து ட்ரெட்டை, அதாவது மண்ணைத் தொடுகிற மேல் ரப்பரை, சீவி மெல்லிசாக்குகிறார்கள், ரப்பர் மெலிந்தால் நெளிவு குறையும், சூடும் அவ்வளவாகத் தங்காது.

அந்த இழுபறியைக் குறைக்கத்தான் வலது பின்டயர் இடதைவிடச் சுற்றளவில் பெரியதாக இருக்கிறது, அந்த வித்தியாசத்துக்குப் பெயர் ஸ்டாகர். கணக்கு எளிது. டயரின் சுற்றளவு 34.5 அங்குலம், பின்சக்கரங்களுக்கு இடையே 3 அடி, திருப்பத்தின் ஆரம் 75 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 34.5-ஐ 3-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.4 அங்குலம். இது ஆரம்பப் புள்ளி மட்டுமே. குறைவாக இருந்தால் முன்பக்கம் திரும்ப மறுக்கும், கூடுதலாக இருந்தால் நேர்ப்பாதையில் வண்டி இடப்பக்கம் இழுத்து வேகத்தைத் தின்னும். இரண்டு டயரையும் பந்தயத்துக்கான காற்றழுத்தத்தில் வைத்துவிட்டு அளக்க வேண்டும், ஏனென்றால் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) மாறினாலே சுற்றளவு மாறும். மண்ணில் நாங்கள் வைப்பது ஒற்றை இலக்க அழுத்தம்தான், அதனால் அரை பிஎஸ்ஐகூட வண்டியில் தெரியும், மலிவான கேஜை நம்பாதீர்கள்.

இந்தக் கணக்கெல்லாம் போட்ட பிறகும் கடைசித் தீர்ப்பு டயரின் முகத்தில்தான் இருக்கிறது. ஹீட் முடிந்து வண்டி உள்ளே வந்ததும் நான் முதலில் தொடுவது வலது பின்டயரை. கண்ணாடி மாதிரி பளபளத்து வழவழவென்று இருந்தால் ரப்பர் மூடிக்கொண்டது, மண்ணைக் கடிக்கவில்லை. உப்புத்தாளால் தேய்த்து முகத்தைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் இன்னும் மிருதுவான டயருக்குப் போக வேண்டும். வெளிவிளிம்பில் ரப்பர் சுருள் சுருளாகத் திரண்டிருந்தால் அளவுக்கு மீறி மிருது, அல்லது அழுத்தம் போதவில்லை. நுண்ணிய மணல்தாள் மாதிரி முழு அகலத்துக்கும் ஒரே சீராகச் சொரசொரத்து, உள்ளங்கையை வைத்து எடுத்தால் லேசாக ஒட்டினால் தொட வேண்டாம், அப்படியே விடுங்கள். மகளிடம் கேட்பது அதற்கப்புறம்தான். “அம்மா, ரெண்டாவது திருப்பத்துல மூக்கு உள்ளயே வரமாட்டேங்குது” என்று அவள் சொன்னால், பின்பக்கம் பிடிமானம் கூடிவிட்டதா, முன்பக்கம் குறைந்துவிட்டதா என்று டயரும் அவள் சொல்லும் சேர்ந்துதான் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, மருந்து. டயரை மிருதுவாக்க உள்ளே ஊற்றி உருளையில் சுற்றவிடுவது, வெளியே துடைத்துப் பூசுவது என்று இந்த விளையாட்டில் இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. டொலுவீன், சைலீன் வகைக் கரைப்பான்கள் கலந்தவை இதில் நிறைய. டொலுவீன் ஆவி நரம்பு மண்டலத்தைத் தாக்கும், தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், மெல்லிய கையுறை அதைத் தடுக்காது. மூடிய கராஜில், பிள்ளைகள் பக்கத்தில் நிற்க, சாயங்காலம் முழுக்க இதைப் பூசுகிற வீடுகள் இருக்கின்றன. எனக்கு இதில் சமரசமே கிடையாது, சிறுவர் பிரிவுகளில் முழுசாகத் தடை செய்ய வேண்டும். மருந்துக்குத் தடை போட்டு, ஆவியைக் கண்டுபிடிக்கும் கருவியால் சோதிக்கிற டிராக்குகள் இருக்கின்றன, எல்லாருக்கும் ஒரே டயர் என்று விதி வைத்திருக்கிற இடங்களும் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அப்படிப்பட்ட இடமாகப் பார்த்துச் சேருங்கள், செலவும் குறையும். அங்கே பந்தய நாளில் எல்லாரும் வருவதற்கு முன்பே போய், தண்ணி லாரிக்காரர் எங்கே அதிகம் விடுகிறார், எந்தத் திருப்பம் முதலில் காய்கிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். டயரை அதற்கு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.