270.1க்கும் 273க்கும் நடுவே ஓரிஜன்

டியூவி தசமப் பகுப்பில் 270.1 என்றால் திருச்சபையின் தொடக்ககால வரலாறு. 273 என்றால் திருச்சபைக்குள் எழுந்த கொள்கைச் சண்டைகளும் துருபதேசங்களும். எங்கள் இறையியல் கல்லூரி நூலகத்தில் இரண்டும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்த தட்டுகளில் இருக்கின்றன. 3ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறிஞரான ஓரிஜனைப் பற்றிய நூல்களை மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு இறக்கச் சொல்லும் கோரிக்கை என் பணிக்காலத்தில் அவ்வப்போது தலைதூக்கும். கேட்டவர்கள் எல்லோரும் படித்தவர்கள், பக்தியுள்ளவர்கள். "553ஆம் ஆண்டுச் சங்கமே தள்ளிவிட்ட ஆளை நாம் ஏன் தாங்கிப் பிடிக்க வேண்டும்?" என்று நூலகக் குழுவில் ஒரு பேராசிரியர் கேட்டார். பகுப்பு எண் தீர்ப்பு அல்ல, புத்தகத்தைத் தேடி வருகிறவனுக்கு வழிகாட்டும் முகவரி மட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சமாதானமடையவில்லை. எண்ணும் மாறவில்லை.

முதலாண்டு மாணவர்கள் நேராகவே கேட்டுவிடுவார்கள்: "ஐயா, ஓரிஜன் கள்ளப்போதகரா?" அவர்களுக்கு நான் கொள்கை விளக்கம் சொல்வதில்லை; அது வகுப்பறையின் வேலை. அந்த மனிதர் எப்படி வேலை செய்தார் என்பதைத்தான் சொல்வேன். நூலகனுக்குத் தெரிந்த ஓரிஜன் அவர்தான்.

சுமார் 185இல் எகிப்தின் அலெக்ஸாந்திரியாவில் பிறந்தார். 202ஆம் ஆண்டை ஒட்டி நடந்த துன்புறுத்தலில் தந்தை லியோனிதெஸ் தலை வெட்டப்பட்டு இறந்தார். தானும் இரத்தசாட்சியாக வேண்டும் என்று துடித்த மகனை வெளியே போகவிடாமல் தடுக்கத் தாய் அவருடைய துணிகளை ஒளித்துவைத்தார் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார். பையனுக்கு அப்போது பதினேழு வயது நிறையவில்லை. பின்னால் ஆறு தம்பிகள். குடும்பச் சொத்தை அரசு பறிமுதல் செய்துவிட்டது. இலக்கணம் கற்பிக்கும் வேலை அவரைக் காப்பாற்றியது. விரைவிலேயே ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்குப் போதிக்கும் பொறுப்பும் வந்தது. முழு நேரமும் அதற்கே வேண்டும் என்று பள்ளிக்கூட வேலையை விட்டார். தன்னிடமிருந்த பழைய இலக்கியப் பிரதிகளை எல்லாம் ஒருவருக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக நாளொன்றுக்கு நான்கு ஓபோல் காசு பெற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டார். துறவின் மேன்மையைக் காட்ட யூசேபியஸ் இதைச் சொல்கிறார். எனக்கோ இந்த இடம் வரும்போதெல்லாம் வயிறு எரியும். (அவர் தன்னைத்தானே ஆண்மையிழக்கச் செய்துகொண்டார் என்ற கதையும் யூசேபியஸ் சொன்னதே. அதை நம்பாத ஆய்வாளர்களும் உண்டு. மாணவர்களுக்கு ஓரிஜனைப் பற்றி முதலில் தெரிவதும், பலருக்குக் கடைசி வரை தெரிவதும் இது ஒன்றுதான் என்பதே என் வருத்தம்.)

அவருடைய எழுத்துப் பணி ஒரு முழு அலுவலகமாகவே நடந்தது. அம்புரோஸ் என்ற செல்வந்தர் செலவை ஏற்றார். ஓரிஜன் சொல்லச் சொல்ல ஏழுக்கும் மேற்பட்ட சுருக்கெழுத்தர்கள் முறை மாற்றி எழுதினார்கள். அவற்றை விரித்து நகலெடுக்க அதே அளவு எழுத்தர்கள். அழகிய கையெழுத்தில் பயிற்சி பெற்ற இளம்பெண்களும் இருந்தார்கள். இந்தப் பெண்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ஓரிஜன் இத்தனை எழுதினார் என்று வியக்கும் நூல்கள் எங்கள் தட்டுகளில் வரிசையாக உண்டு. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி அவற்றில் ஓரிரு வரிக்கு மேல் இருப்பதில்லை.

எக்சாப்லா என்னும் ஆறு பத்தி வேதாகமத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நேரம் போவது தெரியாது. முதல் பத்தியில் எபிரெய மூலம், இரண்டாவதில் அதே எபிரெயம் கிரேக்க எழுத்துகளில். பிறகு அக்கில்லா, சிம்மாக்குஸ் ஆகியோரின் கிரேக்க மொழிபெயர்ப்புகள். ஐந்தாவதில் சபைகள் வழக்கமாக வாசித்த பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த், ஆறாவதில் தெயோதோத்தியோன். பழைய ஏற்பாடு முழுவதும் இப்படி. ஓரிரு சொற்களை ஒரு வரியில் இட்டு, பக்கவாட்டில் ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். எபிரெயத்தில் இல்லாமல் செப்துவஜிந்தில் மட்டும் இருக்கும் பகுதிக்கு ஒரு குறி. எபிரெயத்தில் இருந்து செப்துவஜிந்தில் விடுபட்டதை மற்றொரு மொழிபெயர்ப்பிலிருந்து சேர்த்தால் நட்சத்திரக் குறி. ஹோமரின் காவியங்களைப் பதிப்பித்த அலெக்ஸாந்திரிய அறிஞர்கள் பயன்படுத்திய குறிகள் இவை. எனக்குப் பிடித்தது அவர் எதையும் அடித்துவிடவில்லை என்பதுதான். சபை வாசித்துவந்த வரி எபிரெயத்தில் இல்லை என்று தெரிந்த பிறகும் அதை இருக்கும் இடத்திலேயே விட்டு, பக்கத்தில் குறியிட்டார். நம்பிக்கையும் நேர்மையும் இவ்வளவு அருகருகே உட்கார்ந்த பக்கத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

செசரியாவில் அவருக்குக் குருத்துவம் அளிக்கப்பட்டது அலெக்ஸாந்திரிய ஆயர் தெமேத்திரியுவுக்குப் பிடிக்கவில்லை. பொறாமை, அதிகாரம், ஒழுங்குமுறை என்று அந்தச் சண்டைக்குப் பல காரணங்கள் சொல்வார்கள். முடிவில் ஓரிஜன் 230களின் தொடக்கத்தில் ஊரைவிட்டே போய்ப் பாலஸ்தீனத்தின் செசரியாவில் குடியேறினார். அது நூலகங்களின் நல்ல காலம். அவர் விட்டுச்சென்ற ஏடுகளைப் பிற்பாடு பம்பிலஸ் என்பவர் தேடித்தேடிச் சேர்த்தார், தன் கையாலேயே நகலெடுத்தார். சிறையில் இருந்தபோது ஓரிஜனுக்கு ஆதரவாக ஒரு தற்காப்புரையும் எழுதி, 310இல் கொல்லப்பட்டார். அவருடைய சீடரான யூசேபியஸ் ஓரிஜனின் கடிதங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சேர்த்துத் தொகுத்தார். இன்று அவற்றில் முழுதாக மிஞ்சியவை இரண்டே இரண்டு. 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர்களான அக்காசியுவும் யூசோயுவும் நைந்துபோன பாப்பிரஸ் சுருள்களைத் தோலில் படியெடுக்கச் செய்தார்கள். எங்கள் தொழிலுக்குக் காவல் புனிதர் ஒருவர் தேவை என்றால் என் ஓட்டு பம்பிலஸுக்குத்தான்.

250இல் தேசியஸ் பேரரசனின் காலத்தில் ஓரிஜனைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். கழுத்தில் இரும்பு, கால்கள் தொழுமரத்தில் விரித்துக் கட்டப்பட்டிருந்தன. அவர் மறுதலிக்கவில்லை. உயிரோடு வெளியே வந்து, சில ஆண்டுகளில் 69 வயதில் காலமானார். கல்லறை தீரு பட்டணத்தில் இருந்தது. சிறையிலேயே உயிர் போயிருந்தால் இரத்தசாட்சிப் பட்டியலில் பெயர் ஏறியிருக்கும். 273 என்ற பேச்சே எழுந்திருக்காது என்று நான் நினைப்பதுண்டு.

ஆன்மாக்கள் உடலுக்கு முன்பே இருந்தன, முடிவில் எல்லாம் கடவுளிடம் திரும்பக்கூடும் என்று அவர் எழுதியவைதான் சிக்கலாயின. சபை திட்டமாகப் போதிப்பது எது, ஆராய்ச்சிக்கு விடப்பட்டது எது என்று தன் முதன்மையான இறையியல் நூலின் முன்னுரையிலேயே பிரித்துக் காட்டிய மனிதர் அவர். அந்தப் பிரிவினையைப் பின்வந்தவர்கள் மதிக்கவில்லை. அவருடைய பெயரில் தங்கள் சரக்கை விற்ற துறவிகளும் அதற்கு உதவினார்கள். 543இல் பேரரசன் ஜஸ்டினியன் கண்டித்தான். 553இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தின் கண்டனப் பட்டியலிலும் ஓரிஜன் பெயர் இருந்தது. இறந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தீர்ப்பு அது. பதில் சொல்ல அவர் இல்லை.

அதன் பிறகு நடந்ததை நூலகனால் எளிதாகப் புரிந்துகொள்ள முடியும். ஒரு நூலை ஒழிக்க அதை எரிக்க வேண்டியதில்லை. அடுத்த தலைமுறை நகலெடுக்காமல் விட்டாலே போதும். கிரேக்க மூலங்களில் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. அவருடைய அந்த முதன்மையான இறையியல் நூல் முழுதாக இருப்பது ரூஃபினஸ் என்ற துறவி 398இல் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பில் மட்டுமே. சர்ச்சையை அஞ்சிய ரூஃபினஸ் இடையிடையே மழுப்பினார். எக்சாப்லாவிலும் துணுக்குகளே மிச்சம். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் மீன்யே பதிப்பித்த கிரேக்கத் தந்தையர் வரிசையில் 11 முதல் 17 வரை ஓரிஜனுக்கு உரியவை. ஏழு தொகுதிகள் என்றதும் மாணவர்கள் மலைக்கிறார்கள். போனதை நினைத்தால் அது சொற்பம்.

ஆனால் ஒதுக்கப்பட்டவை சில வேறு பெயரிலோ பெயரில்லாமலோ பிழைத்துக்கொண்டன. 1941இல் கெய்ரோவுக்கு அருகே தூராவில், பிரிட்டிஷ் ராணுவம் வெடிமருந்து வைக்கக் குகைகளைச் சுத்தம் செய்தபோது ஓரிஜனின் உரையாடல் ஒன்று பாப்பிரஸில் கிடைத்தது. 2012இல் கிடைத்ததுதான் எனக்கு நெருக்கமானது. மியூனிக்கிலுள்ள பவேரிய அரசு நூலகத்தில் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளுக்குப் புதிய பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த மரீனா மோலின் பிரதெல், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 314ஆம் எண் பிரதியை எடுத்தார். அதில் சங்கீதங்களைப் பற்றிய 29 பிரசங்கங்கள் இருந்தன. ஆசிரியர் ஓரிஜன் என்று பிரதி சொல்லவில்லை. அவற்றுள் 36ஆம் சங்கீதப் பிரசங்கங்கள் ரூஃபினஸின் இலத்தீனில் ஏற்கெனவே அறிந்தவற்றோடு ஒத்துப்போவதை அவர் கவனித்தார். நூற்றாண்டுகளாக அலமாரியில் இருந்த புத்தகம்தான். யாரும் திருடவில்லை, ஒளிக்கவில்லை. உட்கார்ந்து ஒப்பிட ஓர் ஆள் வேண்டியிருந்தது. போலோஞாவின் ஆய்வாளர் லொரென்சோ பெரோனே ஆராய்ந்து உறுதிசெய்து, 2015இல் பதிப்பு வந்தது.

அந்தப் பிரசங்கங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2020இல் வெளியானது. வாங்கும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கிறது. சங்கீத விளக்கம் என்பதால் அதற்கு 223.2. அந்தத் தட்டுக்கு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்க வருகிறவர்கள். ஆசிரியர் யார் என்று பார்க்காமலே எடுத்துப் போவார்கள்.