ஓமன், நிஸ்வா, ஜெபல் அக்தர் மலையடிவாரம்

ஏப்ரல் 3
அவர் விடியற்காலையிலேயே வண்டியோடு மலைக்குக் கிளம்பிவிட்டார். பிர்கத் அல் மவுஸ் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஒரு மெசேஜ். அப்புறம் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 4
மேலே சைக் என்ற ஊரில் ரோஜா பறிப்பு தொடங்கிவிட்டதாம். போட்டோ அனுப்பியிருக்கிறார்: மண் அடுப்பு, செம்புப் பானை, கரிபிடித்த சுவர். பன்னீர் காய்ச்சுகிறார்கள். 2,000 மீட்டர் உயரத்தில் மாதுளையும் ரோஜாவும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் வெறும் பாறைதான் தெரிகிறது.

ஏப்ரல் 5
மலைமேல் மேகம்.

ஏப்ரல் 6
தூக்கமில்லை. இந்த மலைச்சரிவில் மண் அதிகம் கிடையாது, மழையைப் பிடித்துவைக்க மரமும் குறைவு. மேலே அரை மணி நேரம் கொட்டினால் போதும், கீழே வெயில் அடிக்கும்போதே வாதியில், அதாவது காய்ந்துகிடக்கும் ஆற்றுப்படுகையில், வெள்ளம் வந்துவிடும். நேற்று வரை பையன்கள் பந்து விளையாடிய கூழாங்கல் தரை அது. தண்ணீருக்கு முன்னால் சத்தம் வரும், கேட்டதும் மேடேறிவிடு என்கிறார் பக்கத்து வீட்டுச் சேச்சி. வண்டிக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தம் எப்படிக் கேட்கும்?

அதே மழைதான் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் இறங்கி, ஃபலஜ் வாய்க்காலாக ஊருக்கு வருகிறது. சாயங்காலம் தாரிஸ் ஃபலஜில் கால் நனைத்தேன். என்ன தெளிவு! பகலில் வெயில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து முறைவைத்துத் தோப்புகளுக்குப் பாய்ச்சியிருக்கிறார்கள். 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ஐந்து ஃபலஜ்களில் இதுவும் ஒன்று. இவ்வளவு நிதானமாக வருகிற தண்ணீர், வாதியில் மட்டும் ஏன் அப்படி வருகிறது?

ஏப்ரல் 7
போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 8
எடுத்தார்! தூறல்தானாம். நான் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் அவர் சண்டைக் கதை சொல்கிறார். அந்தக் காலத்தில் சுல்தானை எதிர்த்த மதத்தலைவர் இமாமின் ஆட்கள் மேலே இருந்துகொண்டு சுல்தானின் படையை ஏறவிடவில்லை. 1959 ஜனவரியில் பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்ஏஎஸ் வீரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஏறிப் பிடித்தார்களாம். தனூஃபில் குண்டு விழுந்து இடிந்த மண்வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். கூரையில்லாத அறைகள், மாடம் மட்டும் அப்படியே. அந்த ஊரும் வாதி வாயில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 9
இடி. மேலேதான்.

மதியம்: இன்றைக்கே இறங்கச் சொல்கிறார்களாம். வெள்ளத்தில் வண்டியை இறக்குவது இங்கே குற்றம், அதை முதலாளியிடம் சொல்லுங்கள், சம்பளம் போனால் போகட்டும் என்று எழுதினேன். இன்னும் ஒற்றை டிக்.