ஒரு பி-யா, இரண்டு பி-யா?

உடன்குடியிலிருந்து அத்தான் கூப்பிட்டபோது நான் திருநெல்வேலி புதிய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். "மாப்ளே, நம்ம யாவாரத்துக்கு ஒரு வெப்சைட் போடணும். பேரு கருப்பட்டின்னே இருக்கட்டும். அப்பதான் தேடுதவனுக்கு நாம முதல்ல தெரிவோம்லா" என்றார். பெயரிலேயே சரக்கு இருந்தால் கூகுள் தூக்கி மேலே வைத்துவிடும் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2011-ல் நானும் இதே கட்சிதான். பெஸ்ட், டிஜிட்டல், கேமரா, பிரைஸ், இந்தியா என்று ஐந்து சொல்லை நாலு கோடு போட்டுக் கோத்து ஒரு டாட் காம் வாங்கினேன். உள்ளே மொத்தம் ஏழு பக்கம். ஏழும் கேமரா பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை மாற்றிப் போட்டு எழுதியவை. அந்தக் காலத்தில் அது எடுபட்டது, விளம்பரத்தில் டீச் செலவுக்கு வந்துகொண்டிருந்தது. 2012 செப்டம்பர் 28 அன்று, கூகுளில் ஸ்பாம் தடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மாட் கட்ஸ் ட்விட்டரில் சின்னதாக ஓர் அறிவிப்பு போட்டார். தேடுசொல்லையே பெயராக வைத்துக்கொண்டு உள்ளே சத்தில்லாமல் இருக்கும் தளங்கள் இனி கீழே போகும் என்றார். அமெரிக்க ஆங்கிலத் தேடல்களில் 0.6 சதவீதத்தில்தான் மாற்றம் தெரியும் என்றும் சொன்னார். சின்ன எண்தான். ஆனால் அவர் சொன்ன வகைக்கு என் கேமரா தளம் அச்சு அசலான உதாரணம். அது விழுந்ததற்கு நான் யாரையும் திட்டவில்லை, திட்டும்படி அதில் ஒன்றும் இல்லை.

டொமைனில், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரில், தேடுசொல் இருப்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது என்று கூகுளின் ஜான் முல்லரும் பலமுறை சொல்லிவிட்டார். அதற்காக அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. பெயரைப் பார்த்ததும் இன்ன சரக்கு என்று புரிவது நல்ல விஷயம்தானே. பார்சல் மேல் ஒட்டுகிற ஸ்டிக்கரில் அந்த ஒரு வரியே பாதி விளம்பரம்.

நம் சிக்கல் வேறு. கருப்பட்டியை இங்கிலீஷ் எழுத்தில் எப்படி எழுதுவது?

தமிழில் எழுதினால் குழப்பமே இல்லை. இங்கிலீஷில் வந்தால் 'ப்ப'வுக்கு ஒரு பி-யா, இரண்டு பி-யா? 'ட்ட'வுக்கு ஒரு டி-யா, இரண்டு டி-யா? கடைசியில் ஐ-யா, ஒய்-யா? இதற்கே எட்டு விதம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உடன்குடி போனபோது அக்கா போனை வாங்கி வாட்ஸ்அப் ஆர்டர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரே நாள் ஆர்டரில் ஐந்து எழுத்துக்கூட்டல். கேரளாவிலிருந்து கேட்டவர் அவர்கள் வழக்கப்படி 'கரிப்பெட்டி' என்று எழுதியிருந்தார். ஒருவர் வம்பே வேண்டாம் என்று 'பிளாக் 2 கிலோ' என்று போட்டிருந்தார். அக்கா அதற்கும் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறாள்.

கூகுளும் அக்கா மாதிரிதான். ஒரு பி குறைந்தாலும் கூடினாலும் என்ன கேட்கிறோம் என்று புரிந்துகொள்ளும். அட்ரஸ் பாருக்கு அந்தத் தயவு கிடையாது. ஓர் எழுத்து மாறினால் வேறொருத்தன் கடைக்குக் கொண்டுபோய் விடும், இல்லையென்றால் வெள்ளைப் பக்கத்தைக் காட்டும். அதனால் கருப்பட்டி என்ற சொல்லைப் பக்கத் தலைப்பிலும் விவரத்திலும் படத்தின் பெயரிலும் எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் போடலாம், டொமைனில் மட்டும் வேண்டாம் என்று அத்தானிடம் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப ஊர் பேரைச் சேர்ப்போம். உடன்குடின்னா எல்லாருக்கும் தெரியும்."

தெரியும்தான். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் உடன்குடிக்கு நடுவில் ஜி போடுவதா கே போடுவதா என்பதில் ஊருக்கே ஒருமித்த கருத்து இல்லை, இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பதநீர் வரத்து குறைந்துவிட்டால் அத்தான் வேம்பாரிலிருந்தும் சரக்கு எடுப்பார். வேம்பார் கருப்பட்டியும் பேர் பெற்றதுதான், ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அதை உடன்குடி என்ற பெயரில் விற்கக் கூடாது. இதைச் சொன்னதும் அத்தான் மறுபேச்சு பேசவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் அவர் கண்டிப்பானவர்.

அக்கா 'ஒரிஜினல்' என்று முன்னால் சேர்க்கலாம் என்றாள். சீனி கலப்பவன்தான் முதலில் அந்தச் சொல்லை எழுதுகிறான், எனவே அதுவும் போயிற்று. 'பாம் ஜாகரி' என்று இங்கிலீஷிலேயே வைக்கலாமே என்று எனக்கு ஒரு சபலம் இருந்தது. டெல்லிக்காரர் தேடினால் அதைத்தான் அடிப்பார். ஆனால் ஜாகரிக்கு இரண்டு ஜி என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? மேலும், சரக்கை விவரிக்கிற வெறும் பொதுச்சொல்லை நம்முடையது என்று டிரேட்மார்க் வாங்குவது லேசில் நடக்காது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவே குறுக்கே நிற்கும். நாளைக்கே பக்கத்துத் தெருக்காரர் அதே சொல்லோடு ஒரு 'ஷாப்' சேர்த்து ஆரம்பித்தால் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

தமிழிலேயே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் ஆசை. டாட் இந்தியா என்பதைத் தமிழ் எழுத்திலேயே வாங்கலாம். எழுத்துக்கூட்டல் தகராறே வராது. சிக்கல் என்னவென்றால், இணையத்தின் அடியில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான். தமிழ் முகவரியை அது எக்ஸ், என், இரண்டு கோடு என்று ஆரம்பிக்கும் ஒரு நீளமான சரமாக மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். சில இடங்களில் காப்பி செய்து ஒட்டினால் அந்தச் சரமே வந்து நிற்கும். அத்தானிடம் காட்டினேன். "என்னடே இது, லாரி நம்பரா?" என்றார்.

கோடு போட்டுப் பார்ப்போம் என்று கடைசியாக ஒன்று முயன்றோம். அத்தான் கடையில் உட்கார்ந்தபடியே கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் சித்திக்குப் போன் போட்டு, "சித்தி, பேனா எடுங்க, ஒரு பேர் சொல்லுதேன், எழுதுங்க" என்றேன். நடுவில் டேஷ் என்றேன். எழுதியதைப் படம் பிடித்து அனுப்பினாள். டி, ஏ, எஸ், ஹெச் என்று நாலு எழுத்தும் அழகாக வரிசையில் நின்றன. என் கேமரா தளத்தில் நாலு கோடு இருந்தது என்று முன்னால் சொன்னேன் இல்லையா, அதன் பெயரை நான் யாருக்குமே வாயால் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதிலிருந்து சித்திதான் எங்கள் பரிசோதனைச் சாலை. கிடைக்கிற பெயரையெல்லாம் போனில் சொல்வது, அவள் எழுதி அனுப்புவது. ஆறாவது பெயருக்கு, "உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையா?" என்று கேட்டாள். பெங்களூரில் என்னோடு வேலை பார்த்த கன்னடக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டேன், தமிழ் தெரியாத காதுக்கும் ஒத்துவர வேண்டுமே.

இரண்டு பேருமே சரியாக எழுதிய ஒரு பெயர் சிக்கியது, டாட் இன்னில் காலியாகவும் இருந்தது. பணம் கட்டப் போகும் முன், பழைய வெப்சைட் பக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் போட்டுப் பார்த்தேன். சில வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பெயரில் யாரோ சூதாட்டப் பக்கம் நடத்தியிருக்கிறார்கள். கருப்பட்டி விற்கிற வீட்டுக்கு அந்தப் பழி எதற்கு?

கடைசியில் முடிவானது 'பனை'. இங்கிலீஷில் ஐந்தே எழுத்து, இரட்டிக்க எதுவும் இல்லை. ஒற்றைச் சொல்லாகக் கிடைக்காது, அதெல்லாம் எப்போதோ போயிருக்கும் என்று தெரியும். அதனால் அக்கா மகளை வீட்டில் கூப்பிடும் மூன்றெழுத்துப் பெயரைப் பின்னால் சேர்த்தோம். பாதி தேடுசொல், பாதி எங்கள் சொந்தச் சொல். நாளைக்குப் பனங்கற்கண்டு, பனங்கிழங்கு, ஓலைப்பெட்டி என்று எதை விற்றாலும் பெயர் இடிக்காது. டாட் இன், டாட் காம் இரண்டையும் வாங்கிவிட்டேன். முதல் வருஷ விலையைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் இரண்டாம் வருஷம் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் வாங்கினேன். புதுப்பிக்கும் தேதியை அக்கா வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அடுத்த வருஷக் காலண்டருக்கு மாற்றி எழுதும் பொறுப்பை மருமகளிடம் விட்டிருக்கிறேன்.

நேற்று அத்தான் யாருக்கோ போனில் முகவரி சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"பி. பி சார், பி. பி ஃபார் பனை."

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ தெரியவில்லை.

"பனை சார், மரம். அதுக்குப் பொறவு ஏ."