ஹாலுக்கு ஸ்பீக்கர்: ஜூன் குறிப்புகள்

ஜூன் 1, 2025, ஞாயிறு

டேப்பை எடுத்து ஹாலை அளந்தேன். நீளம் 16 அடி, அகலம் 11, உயரம் ஒன்பதரை. குறுகிய சுவரில் டிவி. எதிரே சோபா, பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. வலப்பக்கம் முழுக்க பால்கனிக் கண்ணாடிக் கதவு. இடப்பக்கம் பூஜை அலமாரி. எந்த ஸ்பீக்கர் வாங்குவது என்பதில் பாதியை இந்த அளவுகளே முடிவு செய்துவிடும் என்று நினைக்கிறேன்.

வாங்கக் காரணம் மாமா. 55 அங்குல டிவியில் படம் பளிச்சென்று இருக்கிறது, சத்தம்தான் அடித்தொண்டையில் பேசுகிறது. உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டும் தரையைப் பார்த்தபடி இருக்கின்றன. மாமா வால்யூமை 45-இல் வைக்கிறார். அப்படியும் செய்தியில் "சங்கத் தேர்தல்" என்றால் "தங்கத்துக்கு எதுக்குத் தேர்தல்?" என்கிறார். வயதானால் காதில் முதலில் மங்குவது கீச்சென்ற மேல் ஒலிகள். ச, த, க, ப என்று ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஒலிகளுக்கு அந்த மேல்பகுதிதான் முக்கியம், 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. வால்யூமைக் கூட்டினால் ஆவும் ஓவும் காதைப் பிளக்கும், சவும் தவும் குழம்பியபடியே இருக்கும். ஆக எனக்கு வேண்டியது பேச்சு புரிகிற ஸ்பீக்கர். இடி, வெடி எல்லாம் அப்புறம்.

ஜூன் 4, புதன்

ஆளுக்கொரு ஆசை. இவருக்கு, அதாவது என் கணவருக்கு, இடுப்பு உயர டவர் ஸ்பீக்கர். பையனுக்கு அட்மாஸ். அத்தைக்கு ஆசை எதுவும் இல்லை, நிபந்தனைதான்: காலில் வயர் தட்டக் கூடாது, சாமி பக்கம் எதையும் மாட்டக் கூடாது.

அத்தையின் நிபந்தனையில்தான் விஷயம் இருக்கிறது. சுற்றிலும் ஒலி வர வைக்கும் 5.1 அமைப்பு என்றால் முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, கூட பேஸ் என்கிற அடி ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர். சோபாவில் உட்கார்ந்து நேரே டிவியைப் பார்த்தால், முன் இடமும் வலமும் 30 டிகிரியில் இருக்க வேண்டும். பின் இரண்டும் 110 டிகிரி வாக்கில், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால். எங்கள் வீட்டில் வலப்பக்க 110 டிகிரியில் நகரும் கண்ணாடிக் கதவு. இடப்பக்க 110 டிகிரியில் பிள்ளையார். இரண்டு பேரையும் நகர்த்த முடியாது.

அட்மாஸுக்குத் தலைக்கு மேலிருந்து ஒலி வர வேண்டும். கூரையில் பதிக்கலாம், அல்லது மேலே பார்த்து அடிக்கும் ஸ்பீக்கரை வைத்துக் கூரையில் மோதித் திரும்ப விடலாம். எங்கள் கூரை தட்டைதான், உயரமும் தோதுதான். ஆனால் அதற்கான ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டி) எடுத்தால் பட்ஜெட் எங்கேயோ போகிறது. "உன் ட்யூஷன் ஃபீஸ்ல கழிச்சுக்கலாமா?" என்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 7, சனி

ரிச்சி தெரு. மவுண்ட் ரோட்டில் இறங்கி நரசிங்கபுரம் தெரு வழியாக நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு கடையில் "1000 வாட்ஸ் மேடம்" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினார் பையன். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் நிஜ வாட்ஸ்) எவ்வளவு தம்பி என்று கேட்டதும் பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடினார். வாட்ஸ் மட்டும் போதாது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபெல் சத்தம் வருகிறது என்பதுதான் சென்சிடிவிட்டி. 85 டெசிபெல் ஸ்பீக்கர், 88 டெசிபெல் ஸ்பீக்கர் அளவுக்குப் பாட வேண்டுமானால் அதற்கு இரண்டு மடங்கு வாட்ஸ் கொடுக்க வேண்டும்.

அடுத்து ஏசி டெமோ ரூம் உள்ள கடை. எங்கே போனாலும் அதே கார் துரத்தல், அதே குண்டுவெடிப்பு. சப்வூஃபரை ஏற்றிவிட்டால் எந்த ஸ்பீக்கரும் அந்த அஞ்சு நிமிஷத்துக்கு ராஜா. நான் செய்தி போடச் சொன்னேன். "நியூஸா மேடம்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போட்டார். கண்ணை மூடி நடுவில் உட்கார்ந்து கேட்டேன், பிறகு சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தேன். ஓரத்தில் வாசிப்பவரின் குரல் மெலிந்து, ஜலதோஷம் பிடித்தது போல ஆனது.

காரணம், முன் மூன்றில் நடுவில் இருக்கும், படுக்கைவாட்டில் செய்த சென்டர் ஸ்பீக்கர். நடுவில் மேல் ஒலிக்கான ட்வீட்டர், இரு பக்கமும் கீழ் ஒலிக்கான வூஃபர் ஒவ்வொன்று. ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு வூஃபர் கிட்டே, இன்னொன்று எட்டத்தில். இரண்டிலிருந்தும் வரும் ஒலி முன்பின்னாக வந்து சேர்ந்து, குரலின் சில பகுதிகளில் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. மாமா உட்காருவது எப்போதும் சோபாவின் இடது ஓரம். படத்தின் வசனம் பெரும்பாலும் வருவதோ இந்த சென்டரில்.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி போனில்: "எதுக்குக்கா இவ்வளவு? ஒரு சவுண்ட்பார் வாங்கி மாட்டிட்டுப் போ." தப்பான யோசனை என்று சொல்ல மாட்டேன். பத்துக்குப் பத்து ரூம், ரெண்டு பேர், வாடகை வீடு என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதில் எல்லாம் ஒரே நீளப் பட்டைக்குள் இருப்பதால், உள்ளே சர்க்யூட் போர்டு போனால் மொத்தமும் போச்சு. சாதா ஸ்பீக்கர் இருபது வருஷம் கூடப் பாடும், நடுவில் ரிசீவரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஜூன் 11, புதன்

ஹாலின் நடுவில் நின்று பலமாகக் கை தட்டினேன். டங்ங் என்று ஒரு வால் நீண்டது. வழவழப்பான டைல்ஸ் தரை, கண்ணாடிக் கதவு, வெறும் சுவர். இந்த எதிரொலியில் எவ்வளவு விலை ஸ்பீக்கரும் வார்த்தையை வழித்துவிடும். பால்கனிக்குக் கனமான திரை தைக்கக் கொடுத்தேன். சோபாவுக்கு முன்னால் பரணில் கிடந்த பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தேன். மறுபடி தட்டினேன், வால் கொஞ்சம் குட்டையானது. செலவில்லாத முன்னேற்றம்.

ஜூன் 14, சனி

வாங்கியாயிற்று. யமஹா 5.1 ரிசீவர், 8 அங்குல சப்வூஃபர். ஸ்பீக்கரில்தான் கடைக்காரருக்கு என் மேல் சந்தேகம் வந்தது. ஒரே மாடல் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் (அலமாரியில் வைக்கும் சின்ன ரகம்) இரண்டு ஜோடி கேட்டேன். மூன்றை முன்னால் வைக்கப் போகிறேன். நடுவில் இருப்பதும் அதே ஸ்பீக்கர், நிமிர்த்தி வைத்தபடி. வூஃபருக்கு மேலே ட்வீட்டர் என்பதால் இட வலமாக நகர்ந்தாலும் குரல் மெலியாது. டிவி சுவரில் மாட்டியது, கீழே 14 அங்குலம் இடம் இருக்கிறது. "சென்டர்னு தனியா வருதே மேடம்" என்றார். வருகிறது, கேட்டுப் பார்த்துவிட்டேன் அண்ணா. ஜோடியாகத்தான் விற்பார்கள் என்பதால் நாலாவது பரணுக்குப் போகிறது. பின் ஸ்பீக்கர்கள் இப்போதைக்கு இல்லை.

இவர் டவர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும், டவருக்கு வேலையில்லை என்றேன்.

வயர் கடையில் பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி. செம்பு பூசிய அலுமினியம். அதற்கு மின்தடை அதிகம், முனையும் சீக்கிரம் முறியும். அடுத்த சுருளைச் சுரண்டினால் உள்ளேயும் செம்பு. 16 கேஜ் தடிமன் எடுத்தேன், எங்கள் தூரத்துக்கு அது தாராளம்.

ஜூன் 15, ஞாயிறு

சப்வூஃபருக்கு இடம் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதைத் தூக்கி நாம் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு, வைக்கத் தோதான இடங்களிலெல்லாம் தவழ்ந்து போய்க் கேட்க வேண்டும். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே வைக்க வேண்டும். நான் நைட்டியோடு தவழ, அத்தை "என்னம்மா தொலைச்சே?" என்றார்.

மூலையில் ஒரே கும்மென்ற சத்தம். 16 அடி நீள ஹாலில் 35 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி வீங்கும், அதுவும் சுவரோரம்தான் அதிகம். டிவி அலமாரிக்கு வலப்பக்கம், மூலையிலிருந்து மூன்றடி தள்ளி ஓர் இடத்தில் பாட்டின் ஒவ்வொரு தாள அடியும் தனித்தனியாகக் கேட்டது. கீழ்வீட்டுக்காரர்களுக்காக அடியில் ரப்பர் பட்டை வைத்தோம்.

ஜூன் 16, திங்கள்

ரிசீவரோடு வந்த மைக்கை மாமாவின் இடத்தில் காது உயரத்துக்கு நிறுத்தி அளவெடுக்க விட்டேன். ஃபேனை நிறுத்தி, எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, பாதி அளவில் குக்கர் விசில். மறுபடி முதலிலிருந்து. முடிவில் தூரம், சத்த அளவு எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தது. ஆனால் சின்ன ஸ்பீக்கர்களைப் 'பெரிது' என்று எழுதி, பேஸையும் அவற்றிடமே கொடுத்திருந்தது. அதைச் 'சிறிது' என்று மாற்றி, பிரிக்கும் இடத்தை 80 ஹெர்ட்ஸ் ஆக்கினேன்.

ஜூன் 18, புதன்

அத்தை சீரியல் போட்டார். நடு ஸ்பீக்கர் ஊமை. செட்டாப் பாக்ஸிலிருந்து வருவது இரண்டு சேனல் ஸ்டீரியோ. அதை அப்படியே பாட விட்டால் நடு ஸ்பீக்கருக்கு எதுவும் வராது. ரிசீவரில் சரவுண்ட் டிகோடர் என்று ஒன்று இருக்கிறது. இட வலம் இரண்டிலும் சமமாக இருக்கும் ஒலியை அது பிரித்து நடுவுக்கு அனுப்பும். சமமாக இருப்பது பெரும்பாலும் பேச்சுதான். போட்டதும் மாமியார் மருமகள் சண்டை துல்லியமாகக் கேட்டது. நானும் அத்தையும் சேர்ந்து பார்த்தோம்.

டிவிக்கு ஒன்று, ரிசீவருக்கு ஒன்று என்ற இரண்டு ரிமோட் தொல்லையும் தீர்ந்தது. எச்.டி.எம்.ஐ. வயரை டிவியில் ஏ.ஆர்.சி. என்று எழுதிய (டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும்) துளையில் செருகி, செட்டிங்கில் சி.இ.சி.யை (ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் வசதி) ஆன் செய்ததும் டிவி ரிமோட்டே ரிசீவரின் வால்யூமையும் ஏற்றி இறக்குகிறது. பக்கத்துத் துளையில் செருகினால் டிவியின் ஒலி ரிசீவருக்கு வராது.

ஜூன் 22, ஞாயிறு

லீட்ஸ் டெஸ்ட், மூன்றாம் நாள். பும்ரா அஞ்சு விக்கெட். கமென்ட்ரி நடுவில் நிற்க, கூட்டத்தின் இரைச்சல் இரண்டு பக்கமும் விரிகிறது. பந்து மட்டையில் பட்டதா, பேடில் பட்டதா என்று மாமா சத்தத்தை வைத்தே சொல்கிறார். சென்டரை மட்டும் 2 டெசிபெல் தூக்கி வைத்திருக்கிறேன். ராத்திரி பத்துக்கு மேல் டைனமிக் ரேஞ்சைக் குறைக்கும் செட்டிங். படத்தில் பேச்சு கிசுகிசுக்க, சண்டை அலறுவது அதில் அடங்குகிறது.

பரணில் இருக்கும் நாலாவது ஸ்பீக்கரைத் தன் ரூமுக்குக் கேட்கிறான் பையன். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் அது பாடாது என்றேன். ஆம்ப் என்ன விலை என்று தேடிக்கொண்டிருக்கிறான்.