பெயரைப் பார்த்து ஏமாந்த பிறகு அமைந்த லினக்ஸ்

2022 ஆகஸ்டில், முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணிக்காகப் பொருள்களின் பண்புகளைக் குவாண்டம் இயற்பியல் வழியே கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்னும் மென்பொருளை இயக்க வேண்டி வந்தபோதுதான் நான் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் பக்கம் திரும்பினேன். கையில் இருந்தது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. அது முழுதாகத் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. முதலில் கண்ணில் பட்டது சயின்டிஃபிக் லினக்ஸ். துகள் இயற்பியல் ஆய்வகங்களான ஃபெர்மி ஆய்வகமும் செர்னும் சேர்ந்து உருவாக்கி 2004இல் வெளிவந்தது என்று படித்ததும், அறிவியல் மாணவனுக்கு வேறென்ன வேண்டும் என்று உடனே பதிவிறக்கினேன். அதன் எட்டாம் பதிப்பு வராது என்று 2019இலேயே ஃபெர்மி ஆய்வகம் அறிவித்திருந்ததும், செர்ன் அதற்கும் முன்பே சென்ட்ஓஎஸ் என்ற வேறொரு லினக்ஸுக்கு மாறியிருந்ததும் பிறகே எனக்குத் தெரிந்தன. பெயரில் அறிவியல் இருந்தாலும், அது பெரிய ஆய்வகங்களின் கணினிகளுக்காகச் செய்யப்பட்டது. என்னைப் போன்ற புதியவனை மனத்தில் வைத்து அன்று.

ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த அக்காவிடம் புலம்பினேன். “நீ ஓட்டப்போவது எந்த மென்பொருள் என்று முதலில் சொல், தம்பி” என்றவர், உபுண்டு என்னும் லினக்ஸ் வகையின் மென்பொருள் களஞ்சியத்திலேயே குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ, ஃபோர்ட்ரான் நிரல்களைத் தொகுக்கும் ஜிஃபோர்ட்ரான், வரைபடம் வரையும் க்னுபிளாட், ஆய்வேட்டை அச்சுக்கோக்கும் டெக் லைவ் ஆகிய அனைத்தும் இருப்பதையும், முனையத்தில் ஒரே கட்டளையிட்டால் அவற்றுக்குத் தேவையான நிரல் நூலகங்களும் உடன் வந்து சேர்வதையும் காட்டினார். அதன்பின், இவற்றை என் கணினியில் சிக்கலின்றி ஓட்டும் லினக்ஸ் எது என்பதாக என் கேள்வி சுருங்கிவிட்டது. ஃபெடோரா என்னும் இன்னொரு வகையின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதப் பராமரிப்புதான். ஆய்வேடு எழுதும் நேரத்தில் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் துணிவு எனக்கில்லை. உபுண்டு 22.04இன் க்னோம் என்னும் திரை முகப்பை என் மடிக்கணினியால் சுமக்க முடியவில்லை. அதே உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டு அவ்வாண்டு ஜூலையில் வந்த லினக்ஸ் மின்ட் 21, இலகுவான எக்ஸ்எஃப்சிஇ முகப்புடனும் 2027 வரையிலான பராமரிப்புடனும் கிடைத்தது.

நிறுவும் முன் இரண்டு நாள் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்தது நல்லதாயிற்று, ஏனெனில் வைஃபை வேலை செய்யவில்லை. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கடன் வாங்கி, மின்டின் ட்ரைவர் மேனேஜரைத் திறந்ததும், வைஃபைக்கு உரிய இயக்கி மென்பொருள் அங்கேயே காத்திருந்தது. கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்துவிட்டு, விண்டோஸில் கணினியை விரைவாகத் திறக்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்த பின்பே விண்டோஸுக்கு அருகிலேயே மின்டையும் நிறுவினேன். அதை அணைக்காவிட்டால் விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து படிக்கத்தான் முடியும், மாற்ற முடியாது. தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக்கொண்டேன். நிறுவலுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

முதல் கணக்கீடு சிலிக்கான். படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் பெட்டியான அலகுக்கூட்டின் விளிம்பு நீளம் 5.47 ஆங்ஸ்ட்ராம் என்று வந்தது. சோதனை மதிப்போ 5.43. எதையோ தவறாக நிறுவிவிட்டேன் என்று பதறி, எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவப் போனேன். அக்கா விடை எழுதியிருந்த தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்: நான் பயன்படுத்திய பிபிஇ என்னும் கணக்கீட்டுத் தோராயம் சிலிக்கானுக்கு வழக்கமாகவே அந்த அளவு கூடுதலாகத்தான் கொடுக்குமாம்.