121-க்கு மேல் எல்லாம் ஒன்றுதான்

பக்கிங்ஹாம்ஷயர் லெவன் பிளஸ் தேர்வில் (இங்கிலாந்தில் கிராமர் ஸ்கூல் எனப்படும், தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு) பையனுக்கு 128 என்று மின்னஞ்சல் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். தேர்ச்சிக்கு 121 போதும். இவன் ஏழு கூடுதலாக வாங்கியிருக்கிறான்! அரை மார்க் கட்-ஆஃபில் கேட்ட பிரிவைக் கோட்டைவிட்டு, அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் கூடத்திலிருந்து வெளியே வந்தவன் நான். ஏழு மார்க்கில் எத்தனை பேரைத் தாண்டியிருப்பான் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. அந்தக் கணக்குதான் எங்களைக் கவிழ்த்தது.

நாங்கள் குடியிருப்பது லண்டன் ஹாரோவில். இந்தப் பரோவில் (லண்டனின் உள்ளாட்சிப் பகுதி) ஒரு கிராமர் ஸ்கூல்கூட இல்லை. இங்கிலாந்து முழுவதற்குமே 163தான். ஆனால் மெட்ரோபாலிட்டன் ரயிலில் அரை மணி நேரம் போனால் பக்கிங்ஹாம்ஷயர் வந்துவிடும்; அங்கே 13 இருக்கின்றன. விடுவோமா?

அந்த மாவட்டத்து அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பெயர் தேர்வுக்குத் தானாகவே பதிவாகிவிடும். எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள்தாம் இயர் 5 (ஒன்பது, பத்து வயது வகுப்பு) முடிவதற்குள் தேடிப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். இது யாருக்காக நடத்தப்படும் தேர்வு என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வெர்பல் (சொல், மொழித் திறன்) பகுதிக்குப் பாதி மதிப்பு, கணக்குக்கும் நான்-வெர்பலுக்கும் (வடிவங்களை வைத்துக் கேட்கும் கேள்விகள்) கால் கால். நம்மூர் வழக்கப்படி நான் கணக்கையே போட்டுத் தேய்த்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் புத்தி வந்து சொல்வளம் பக்கம் திரும்பினோம். பையன் ஆகஸ்டில் பிறந்தவன், வகுப்பிலேயே சின்னவன். அதை நினைத்துக் கவலைப்பட்டோம். ஆனால் வயதுக்கேற்ப மதிப்பெண்ணைச் சரிசெய்துதான் கொடுக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஒரு டியூஷன் சென்டர்க்காரர், "125 தாண்டிவிட்டால் சீட் உறுதி" என்றார். நம்பினோம்.

சேர்க்கை விதிகளை நான் முதன்முதலில் முழுதாகப் படித்ததே ரிசல்ட் வந்த பிறகுதான். 121 என்பது வாசற்கதவு, அவ்வளவே. உள்ளே நுழைந்ததும் 121-ம் 140-ம் ஒன்று. மார்க்கை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளுக்கு முதல் இடம். பிறகு பள்ளிக்குப் பள்ளி சிறிது மாறும்: வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள், கேச்மென்ட்டுக்குள் (பள்ளிக்கென்று வகுத்த பகுதிக்குள்) குடியிருப்பவர்கள், அண்ணன் அக்கா அங்கேயே படிப்பவர்கள். கடைசியில், வீட்டிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரம் என்பது. எங்கள் பையன் அந்தக் கடைசி வரியில், அதிலும் வாலில் நின்றான்.

எல்லா ஊரிலும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பார்னெட்டில் உள்ள குயின் எலிசபெத்ஸ் பள்ளிக்குக் கேச்மென்ட்டே கிடையாது. அங்கே ரேங்க்தான் பேசும். கிங்ஸ்டனில் இருக்கும் டிஃபின் பள்ளிகளில் இரண்டும் கலந்து வரும்: குறிப்பிட்ட பகுதிக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை, அவர்களுக்குள் மார்க் வரிசை. ஆக, 'என் பிள்ளை நன்றாகப் படிப்பான், எங்கே போடலாம்?' என்று கேட்பதில் பயனில்லை. அந்தப் பள்ளி மார்க்கைப் பார்க்கிறதா, முகவரியைப் பார்க்கிறதா என்று கேட்க வேண்டும். நாங்கள் பார்னெட்டுக்கும் எழுதினோம். அந்த உயரத்துக்கு அவன் மார்க் எட்டவில்லை.

அக்டோபர் 31-க்குள் சொந்த கவுன்சிலில் (நாம் குடியிருக்கும் பகுதியின் உள்ளாட்சி அமைப்பில்) படிவம் கொடுக்க வேண்டும். ஆறு பள்ளிகள் எழுதலாம். "கிடைக்கிறதை முதலில் போடுங்கள், இல்லையென்றால் அதுவும் போய்விடும்" என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்தினார். அது தப்பு. நாம் எத்தனையாவதாக எழுதினோம் என்பதை வைத்துப் பள்ளி இடம் கொடுப்பதில்லை. தகுதி கிடைக்கும் பள்ளிகளில் நம் வரிசையில் மேலே இருப்பதைக் கவுன்சில் ஒதுக்குகிறது. ஆசைப்பட்ட பள்ளியைத் தைரியமாக முதலில் போடலாம். ஆனால் பக்கத்துப் பள்ளி ஒன்று கட்டாயம் பட்டியலில் இருக்க வேண்டும். நல்லவேளை, நாங்கள் நான்காவதாக எழுதியிருந்தோம்.

மார்ச் 1, ஒதுக்கீடு வெளியாகும் நாள். அந்த நான்காவது பள்ளிதான் வந்தது. பக்கிங்ஹாம்ஷயரிலேயே அய்ல்ஸ்பரியில் இருக்கும் மச்சான் வீட்டில் அன்று கேசரி. அவர் மகளுக்குச் சரியாக 121. நடந்து போகும் தூரத்தில் பள்ளி.

நாங்கள் ஆசைப்பட்ட பள்ளியின் காத்திருப்போர் பட்டியலில் பையனுக்கு 41-ஆம் இடம். மே மாதம் கேட்டால் 46! வரிசை எப்படிப் பின்னால் போகும் என்று சண்டைக்கே போனேன். இந்தப் பட்டியலில் முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பது கிடையாது, அதே விதிகள்தாம். கேச்மென்ட்டுக்குள் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்து பெயர் கொடுத்தால், நமக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். நண்பர் ஒருவர், "ஆறு மாதம் அங்கே வாடகைக்கு முகவரி காட்டு" என்றார். பொய் முகவரி என்று தெரிந்தால் கொடுத்த சீட்டையே பிடுங்கலாம் என்று விதியில் இருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு வேண்டாம் என்றாள் மனைவி.

பையன் பக்கத்துப் பள்ளிக்குத்தான் போகிறான். பஸ் கூட வேண்டாம்.

மகள் இப்போது இயர் 4. பக்கிங்ஹாம்ஷயர் கவுன்சில் ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பள்ளியில் எந்த விதிவரை, எவ்வளவு தூரம்வரை இடம் போனது என்று அட்டவணை போடுகிறது. போன வாரம் மூன்று வருட அட்டவணையை அச்சடித்து மேசையில் விரித்தோம். வெர்பல் புத்தகம் இன்னும் வாங்கவில்லை.