எந்த ஹெட்ல போடறது?

ஒரு நகரமோ நிறுவனமோ வரும் ஆண்டுகளில் எதை முதலில் செய்வது என்று வகுக்கும் வியூகத் திட்ட அறிக்கைகளைப் படித்துப் படித்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. முதல் சில பக்கங்களில் நகரத்தின் பெயர் வரும் இடத்திலெல்லாம் ஒரு மருத்துவமனையின் பெயரை மனதுக்குள் போட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் பொருந்திவிடும். 'உலகத் தரம்', 'அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி', 'தொழில்நுட்பத்தின் துணையுடன்'. யாரும் மறுக்க முடியாது. யாரும் மறுக்காத வரியை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

மாநகராட்சி, பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம், தனியார் கம்பெனி என்று மாறி மாறி, இந்தத் திட்டங்களுக்கான பயிலரங்குகளை நடத்தும் வேலையில் இருந்திருக்கிறேன். பயிலரங்கு எங்கேயும் ஒரே மாதிரிதான் தொடங்கும். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் நீளமாகப் பேசுவார். அப்புறம் சுவரில் சார்ட் ஒட்டி, பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் மஞ்சள் சீட்டு கொடுப்போம். சீட்டுகளைத் திரும்ப வாங்கிப் படித்தால், காலையில் தலைவர் சொன்னதே பல கையெழுத்துகளில் இருக்கும். பலவீனக் கட்டத்தில் ஆள் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை. அதாவது, வேறு யாரோ தர வேண்டியவை மட்டும். 'கோப்பு ஒரே மேசையில் மாதக்கணக்கில் தூங்குகிறது' என்று எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? அந்த மேசைக்காரர் எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறார்! இப்போதெல்லாம் சீட்டுகளை முந்தின நாளே பெயர் இல்லாமல் வாங்கிவிடுகிறேன். தலைவர் உரை கடைசியில்தான். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

முன்னுரிமை போடுவது இதைவிடக் கஷ்டம். ஒரு நகர நிர்வாகத்தில் மதியம்வரை பேசியும் எல்லாத் துறையின் ஆசையும் 'முதல் முன்னுரிமை' என்றே நின்றது. கடைசி வரிசையில் இருந்த கணக்குப் பிரிவு அம்மா எழுந்து, "சார், இதையெல்லாம் எந்த ஹெட்ல போடறது?" என்று கேட்டார். ஹெட் என்றால் பட்ஜெட்டில் செலவை எழுதும் கணக்குத் தலைப்பு. சிலர் சிரித்தார்கள். அன்றைக்கு எழுந்த ஒரே உருப்படியான கேள்வி அதுதான். பட்ஜெட் தாளைத் திரையில் போட்டோம். சம்பளம், ஓய்வூதியம், கடன் தவணை, பராமரிப்பு எல்லாம் போக மிச்சம் என்ன என்று பார்த்ததும் பட்டியல் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. திட்டம் பறிபோன துறைத் தலைவர்களின் குரல் உயர்ந்தது. காலையிலிருந்து நான் காத்திருந்தது அந்தச் சண்டைக்காகத்தான்.

கம்பெனியில் இது கொஞ்சம் சுலபம். லாபம் தராத பிரிவை மூடிவிடலாம். நகரத்தில் ஒரு வார்டை மூட முடியுமா? தண்ணீர் ஒருவர் கையில், மின்சாரம் இன்னொருவர் கையில், துறைமுகம் மூன்றாமவர் கையில். அதனால் நகரத்தின் வியூகத் திட்டம் என்பது, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் செய்துகொள்ளும் உடன்பாடு. பார்சிலோனா 1990இல் ஏற்றுக்கொண்ட திட்டம் இந்த விஷயத்தில் முன்னோடி. நகராட்சியோடு வர்த்தக சபை, தொழிற்சங்கங்கள், பல்கலைக்கழகம், துறைமுகம் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்தன. 1992 ஒலிம்பிக் என்று தள்ளிப்போட முடியாத ஒரு தேதியும் கிடைத்தது. அந்த அதிர்ஷ்டம் எல்லா ஊருக்கும் வாய்க்காது.

பயிலரங்குகளில் அதிகம் அடிபடும் பெயர் பிரேசிலின் குரிட்டிபா. 1972இல் மேயர் ஜெய்மே லெர்னர் நகரின் முக்கியக் கடைத்தெருவை வெள்ளி மாலை தொடங்கி 72 மணி நேரத்தில் நடைபாதைத் தெருவாக மாற்றினார். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்த கடைக்காரர்கள் தடை வாங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. எல்லோரும் அந்த 72 மணி நேரத்தைத்தான் சொல்வார்கள். 1965இலேயே திட்டமிடலுக்கென்று தனி நிறுவனம் அமைத்து, 1966இல் பெருந்திட்டம் போட்டு வைத்திருந்ததை யாரும் சொல்வதில்லை. உயரமான கட்டடங்களுக்குச் சில முக்கியச் சாலைகளை ஒட்டி மட்டும் அனுமதி தந்து, அதே சாலைகளில் 1974இல் விரைவுப் பேருந்துகளை ஓடவிட்டார்கள். கட்டட விதியும் பேருந்தும் ஒரே கோட்டில் வந்ததால் திட்டம் நிலைத்தது. லெர்னர் அப்போது ராணுவ ஆட்சி நியமித்த மேயர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எதிர்ப்பு வருவதற்குள் முடிப்பது தேர்தலைச் சந்திக்க வேண்டியவருக்கு அவ்வளவு எளிதல்ல.

நிறுவனங்களில் ஷெல் என்ற எண்ணெய்க் கம்பெனியின் கதையைச் சொல்வார்கள், 1973 எண்ணெய் நெருக்கடியை முன்கூட்டியே யோசித்துவைத்த கம்பெனி என்று. எனக்குப் பிடித்தது அதன் முந்தைய பகுதி. ஷெல்லின் திட்டமிடலாளர் பியர் வாக்கின் குழு தயாரித்த முதல் சுற்று எதிர்காலக் காட்சிகள், அதாவது 'இப்படி நடந்தால் என்ன ஆகும்' என்ற கற்பனைச் சித்திரங்கள், மேலாளர்களின் முடிவுகளை அசைக்கவே இல்லை. தகவலில் குறை இல்லை. அதைப் படித்தவர் திங்கட்கிழமை எதை மாற்றிச் செய்வது என்பது அதில் இல்லை. அடுத்த சுற்றை மேலாளர்களின் நம்பிக்கைகளிலிருந்தே தொடங்கி எழுதினார்கள்.

என் பங்குக்கு, திட்டம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கும் ஆய்வுக் கூட்டத் தாளில் மட்டும் இப்போது பிடிவாதமாக இருக்கிறேன். நிலை என்ற பத்தியில் 'நடைபெற்று வருகிறது' என்று எழுத அனுமதிப்பதில்லை. அந்த ஒரு சொற்றொடருக்குள் டெண்டர் விடாத வேலையும் ஒளியும், முடியப்போகும் வேலையும் ஒளியும். அதற்குப் பதிலாக மூன்று பத்திகள்: அடுத்து யார், எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குத் தலைப்பில். முதல் கூட்டத்தில் பாதிக் கட்டங்கள் காலியாகவே வரும். சரி, அந்தக் காலிக் கட்டங்களிலிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.